டை முதலில், பிரஸ் கடைசியில்: துல்லிய ரைஃபிள் தோட்டா நிறைக்க வருபவர்களுக்கு

சுட்ட வெற்று உறையில் புதிய வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், பறந்து போகும் குண்டு ஆகியவற்றை வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். அதைக் கற்றுக்கொள்ள வருகிறவர் கடைக்குள் நுழைந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: “எந்த பிரஸ் நல்லது?” கடைக்காரருக்கும் அந்தக் கேள்வி பிடிக்கும். பச்சை நிறத்தில் ஆர்சிபிஎஸ், சிவப்பில் ஹார்னடியும் லீயும், நீலத்தில் டில்லன் என்று கனத்த இரும்புகள் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. அதில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தால் வியாபாரம் முடிந்தது. இரண்டு மாதம் கழித்து அதே மனிதர், “இவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் குண்டுகள் சிதறி விழுகின்றனவே” என்று வந்து நிற்பார்.

பிரஸ் ஒரு நெம்புகோல், அவ்வளவுதான். கைப்பிடியை இறக்கினால் தண்டு மேலே போகும். தண்டின் தலையில் இருக்கும் பித்தளை உறையை டை என்ற எஃகு அச்சுக்குள் தள்ளும். உறையின் வடிவத்தை முடிவு செய்வது டை. அந்த வடிவம் உங்கள் ரைஃபிளுக்குப் பொருந்துகிறதா என்று சொல்வது அளவெடுக்கும் கருவி. ஆகவே பணத்தைச் செலவிடும் வரிசை ரைஃபிளிலும் உறையிலும் தொடங்கி, அளவெடுக்கும் கருவி, சைசிங் டை, சீட்டிங் டை என்று போய், கடைசியில்தான் பிரஸ்ஸுக்கு வர வேண்டும். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது. உதாரணத்துக்கு 6.5 கிரீட்மூர் என்ற தோட்டாவை எடுத்துக்கொள்கிறேன். 2007இல் ஹார்னடி நிறுவனம் இலக்குச் சுடும் போட்டிகளை மனத்தில் வைத்துக் கொண்டுவந்த இந்தத் தோட்டா இன்று அமெரிக்காவின் துப்பாக்கிக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. .308 வின்செஸ்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான். எண்கள் மட்டும் மாறும்.

வெடிமருந்தின் அளவை இங்கே தேட வேண்டாம். மருந்து தயாரிப்பவர்களும் குண்டு தயாரிப்பவர்களும் வெளியிடும் கையேடுகளில்தான் அது இருக்கிறது. அங்கே சொல்லப்பட்ட குறைந்தபட்ச அளவில் தொடங்க வேண்டும். நண்பர் சொன்னார், யாரோ எழுதியிருந்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாத எண் அது.

வாங்குவதற்கு முன் சட்டம்

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிறைத்துக்கொள்ளக் கூட்டாட்சி உரிமம் எதுவும் வேண்டியதில்லை. நிறைத்ததை விற்கத் தொடங்கினால் உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். மாநிலச் சட்டம், நகரத்தின் தீத்தடுப்பு விதி, வாடகை வீடானால் ஒப்பந்தம் ஆகியவற்றைத் தனியாகப் பாருங்கள். மருந்தையும் பிரைமரையும் எவ்வளவு, எப்படி வைக்கலாம் என்பது அங்கே இருக்கும்.

நம்மவர்களில் பலர் அறியாத ஒன்றும் உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி மட்டுமன்றித் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது என்பதே கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. உங்கள் நிலை எது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே கடைப்பக்கம் போங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிப்பதற்கே உரிமம் வேண்டும். வீட்டு மேசையில் செய்யும் பொழுதுபோக்காக அங்கே இதை நினைக்கவே வேண்டாம்.

முதல் படி: ரைஃபிளும் உறையும்

சுடும்போது பித்தளை உறை உப்பி, தான் உட்கார்ந்திருக்கும் சேம்பரின், அதாவது குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறையின், சுவரோடு ஒட்டுகிறது. அழுத்தம் இறங்கியதும் ஒரு மயிரிழை சுருங்குகிறது. ஆகவே சுட்டு வெளியே வந்த உறை உங்கள் சேம்பரின் அச்சு. அதைத் தேவைக்கு மேல் நசுக்காமல், அடுத்த முறை தடையின்றி உள்ளே போகும் அளவுக்கு மட்டும் சுருக்கிக்கொள்வதே துல்லிய ரீலோடிங்கின் பாதி வேலை.

அதனால் டை வாங்குவதற்கு முன்பே ஒரே தயாரிப்பாளரின் உறைகளில் ஐம்பதோ நூறோ எடுத்துவையுங்கள். கையில் கிடைத்த நான்கு வகை உறைகளைக் கலந்து வைத்துக்கொண்டு டையைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வகையின் கழுத்துச் சுவரும் ஒவ்வொரு தடிப்பு. சுவரின் தடிப்பு மாறினால் குண்டைப் பிடிக்கும் பிடியும் மாறும்.

லபுவா நிறுவனத்தின் 6.5 கிரீட்மூர் உறை வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் சிறிய பிரைமர். பிரைமரின் தீ உள்ளே போகும் துளையும் 1.5 மில்லிமீட்டர்தான், அதாவது 0.059 அங்குலம். வழக்கமான உறைகளில் அந்தத் துளை ஏறக்குறைய 0.080 அங்குலம் இருக்கும். பல டைகளோடு வரும் பிரைமர் தள்ளும் ஊசி அந்தச் சிறு துளைக்குத் தடிமனானது. தெரியாமல் கைப்பிடியை அழுத்தினால் ஊசி வளையும், அல்லது துளையில் சிக்கிக்கொண்டு உறையையும் விடாது. 0.057 அங்குல ஊசியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.

இரண்டாம் படி: அளவெடுக்கும் கருவி

நீளத்தையும் விட்டத்தையும் நுணுக்கமாக அளக்கும் ஒரு நல்ல டிஜிட்டல் காலிப்பர், அதன் தாடையில் பொருத்தும் கம்பேரட்டர். இரண்டும் இல்லாமல் டை வாங்குவது பணத்தைக் கிணற்றில் போடுவது. கம்பேரட்டர் என்பது துளையிட்ட ஒரு சின்னத் துண்டுதான். ஒரு வகை உறையின் தோளில், அதாவது உடல் கழுத்தாகக் குறுகும் சரிவில் உட்கார்ந்து, அடியிலிருந்து தோள் வரை உள்ள நீளத்தைச் சொல்லும். இன்னொரு வகை குண்டின் வளைவில் உட்கார்ந்து, நிறைத்த தோட்டாவின் நீளத்தைச் சொல்லும். அது காட்டும் எண்ணைக் கையேட்டின் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். உங்கள் எண்ணை உங்கள் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்: சுட்ட உறை இவ்வளவு, சுருக்கிய உறை இவ்வளவு, வித்தியாசம் இவ்வளவு.

தோட்டா நேராக இருக்கிறதா என்று உருட்டிப் பார்க்கும் கோணல் மானி முதல் நாளே தேவையில்லை. கடனாகக் கிடைத்தால் ஒரு மாலை வைத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: சைசிங் டை

பெரும்பாலான ரைஃபிள் டைகள் 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை என்ற ஒரே அளவில்தான் வருகின்றன. எந்த நிறுவனத்தின் டையும் எந்த நிறுவனத்தின் பிரஸ்ஸிலும் ஏறும். பச்சை பிரஸ்ஸுக்குப் பச்சை டைதான் வாங்க வேண்டும் என்று நினைத்துக் காசை வீணாக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சைசிங் டைகளில் புதியவர் பார்க்க வேண்டியவை நான்கு.

சாதாரண முழு நீள டை உறையின் உடல், தோள், கழுத்து மூன்றையும் ஒரே அழுத்தில் சுருக்குகிறது. கழுத்தைத் தேவைக்கு மேல் நசுக்கிவிட்டு, திரும்பி வரும்போது நடுவிலுள்ள எக்ஸ்பாண்டர் உருண்டையால் மறுபடி விரிக்கிறது. சிக்கல் அந்த உருண்டையில்தான். கழுத்தின் உட்புறம் வறண்டிருந்தால் உருண்டை கீச்சென்று இழுத்துக்கொண்டு வரும். அந்த இழுப்பில் கழுத்து ஒரு பக்கம் சாயும், தோளும் முன்னே நீளும். உருண்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கழுத்தை அடுத்த கட்டத்தில் மாண்ட்ரல் என்ற மழமழப்பான எஃகுத் தண்டால் மேலிருந்து திறப்பதே இன்று பலர் செய்யும் வழி. குண்டின் விட்டத்தைவிட 0.002 அங்குலம் குறைந்த மாண்ட்ரலில் தொடங்கலாம்.

புஷ் டையில் கழுத்தைச் சுருக்கும் பகுதி தனி வளையமாக வருகிறது. ரெட்டிங் நிறுவனத்தின் டைப் எஸ் இந்த வகையில் பெயர் பெற்றது. ஃபார்ஸ்டர், விடன் ஆகியோரும் செய்கிறார்கள். எந்த அளவு வளையம் வாங்குவது என்பதில் புதியவர்கள் திணறுகிறார்கள். கணக்கு எளிது. குண்டின் விட்டம் 0.264 அங்குலம். உங்கள் உறையின் கழுத்துச் சுவர் 0.014 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கச் சுவரையும் சேர்த்தால் நிறைத்த தோட்டாவின் கழுத்து வெளி விட்டம் 0.292. இதிலிருந்து 0.002 அல்லது 0.003 கழித்தால் 0.290 அல்லது 0.289. இந்த இரண்டு வளையங்களையும் வாங்கினால் போதும். பித்தளை நசுங்கிய பிறகு சுமார் 0.001 திரும்ப விரியும் என்பதால் 0.289 வளையம் ஏறக்குறைய 0.002 பிடியைத் தரும். மாண்ட்ரலும் பயன்படுத்துவதாக இருந்தால் சிறிய வளையத்தை எடுங்கள். மாண்ட்ரலுக்கு விரிக்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா?

ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலை ரைஃபிள்களின் சேம்பர் கழுத்துப் பகுதியில் தாராளமாகக் கடையப்பட்டிருக்கும். சுட்ட கழுத்து 0.296 இருந்து அதை ஒரே அழுத்தில் 0.289க்குக் கொண்டுவந்தால் 0.007 அங்குலம் நசுங்குகிறது. 0.005ஐத் தாண்டினாலே கழுத்து கோணும் வாய்ப்பு அதிகம். பெரிய வளையம் ஒன்று, சிறியது ஒன்று என்று இரண்டு தடவையில் இறக்குங்கள். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குச் சாதாரண டையும் மாண்ட்ரலுமே நல்லது. அதில் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது, லீ நிறுவனத்தின் காலட் டை. விலையில் கடைசி, வேலையில் முதல் வரிசை. உள்ளே ஒரு மாண்ட்ரல் நிற்க, நீளவாக்கில் பிளந்த எஃகு வளையம் வெளியிலிருந்து விரல்களைப் போல் கழுத்தை அந்த மாண்ட்ரலோடு அழுத்துகிறது. கழுத்தை யாரும் இழுப்பதில்லை, மசகும் வேண்டியதில்லை. ஆனால் அது கழுத்தை மட்டுமே தொடும். உடலும் தோளும் அப்படியே இருக்கும். சில தடவை சுட்ட பிறகு, சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் இறுகத் தொடங்கும். அப்போது உடலையும் தோளையும் மட்டும் சுருக்கும் பாடி டை ஒன்றும் தேவைப்படும். காலட் டை, பாடி டை என்று இரண்டும் சேர்ந்தது ஒரு நல்ல கூட்டணி.

நான்காவது, கழுத்தை மட்டும் சுருக்கும் பழைய நெக் டை. ஒரு காலத்தில் துல்லியம் என்றாலே இதுதான் என்றார்கள். இப்போது போட்டிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொரு முறையும் முழு நீளமும் சுருக்குகிறார்கள், ஆனால் மிகக் கொஞ்சமாக. போல்ட் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரே மாதிரி மூட வேண்டும் என்பதே காரணம். களத்தில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது போல்ட்டோடு மல்லுக்கட்டுகிறவர் இலக்கைப் பார்க்க முடியாது. புதியவருக்கு நெக் டை வேண்டாம்.

என்னைக் கேட்டால்: கையில் பணம் குறைவென்றால் லீ காலட் டையோடு ஒரு பாடி டை. இருந்தால், புஷ் டையும் மாண்ட்ரலும். விருப்பப்படி செய்து தரும் டைகள், உங்கள் சுட்ட உறைகளை அனுப்பி அதற்கேற்பக் கடைந்து வாங்கும் டைகள் எல்லாம் உண்டு. சேம்பரைத் தனியாகக் கடைந்த ரைஃபிள் வாங்கும் நாளில் அவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

நான்காம் படி: சீட்டிங் டை

குண்டைக் கழுத்துக்குள் நேராக, சொன்ன ஆழத்துக்கு இறக்குவது இதன் வேலை. இங்கே இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, குண்டு கழுத்தில் நுழைவதற்கு முன்பே உறையையும் குண்டையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துக்கொள்ளும் நகரும் குழல் டைக்குள் இருக்கிறதா? ரெட்டிங் காம்பெடிஷன், ஃபார்ஸ்டர் அல்ட்ரா மைக்ரோமீட்டர் ஆகிய இரண்டிலும் அது உண்டு. தலையில் உள்ள மைக்ரோமீட்டர் பார்ப்பதற்கு அழகு, ஆழத்தை மாற்றும்போது வசதி. ஆனால் கொடுக்கிற விலையின் பலன் அந்தக் குழலில்தான் இருக்கிறது.

இரண்டாவது, குண்டைத் தள்ளும் தண்டின் குழி உங்கள் குண்டின் வடிவத்துக்குப் பொருந்துகிறதா? அது குண்டின் பக்க வளைவில் உட்கார வேண்டும், நுனியில் இடிக்கக் கூடாது. ஒரு குண்டின் நுனியை அடுத்ததோடு ஒப்பிட்டால் நீளம் வேறாக இருக்கும். நுனியைத் தள்ளினால் ஒவ்வொரு தோட்டாவும் ஒவ்வொரு ஆழத்தில் முடியும். சோதிப்பது சுலபம். குண்டின் நுனியில் குறியிடும் பேனாவால் மையைத் தடவி, தண்டின் குழியில் வைத்து லேசாகத் திருகுங்கள். மை அழிந்தது நுனியில் என்றால் நீண்ட குண்டுகளுக்கான தண்டைத் தயாரிப்பாளரிடமிருந்து தனியாக வாங்க வேண்டும்.

குண்டு இறங்கும்போது மருந்தையே அமுக்கும் அளவுக்கு நிறைக்கிறவர்கள் இந்த விலையுயர்ந்த சீட்டிங் டைகளில் அதைச் செய்யாதீர்கள். உள்ளிருக்கும் தண்டு மெல்லியது, பிளந்துவிடும். அந்த வேலைக்குச் சாதாரண டை போதும். கழுத்தின் விளிம்பை மடித்து இறுக்கும் கிரிம்ப் டையைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினால் அலமாரியிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். போல்ட் ரைஃபிளில் இலக்கைச் சுடுகிறவருக்கு அது வேண்டாம்.

ஐந்தாம் படி: இப்போது பிரஸ்

ஒரு நேரத்தில் ஒரு டை, ஒரு வேலை என்ற ஒற்றை நிலை பிரஸ்ஸிலேயே தொடங்குங்கள். வேகம் குறைவு, ஆனால் ஒவ்வோர் அழுத்திலும் என்ன நடக்கிறது என்பது கையில் தெரியும். மசகு குறைந்த உறை கைப்பிடியில் கனக்கும்; கழுத்துப் பிடி குறைந்த உறையில் குண்டு சத்தமில்லாமல் வழுக்கி இறங்கும். இதைக் கை பழகிக்கொள்வதற்கு முன் வேகமான இயந்திரம் வாங்கினால், தவறும் வேகமாகவே உற்பத்தியாகும்.

ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் இந்த வகையில் பழம்பெருமை உள்ளது. நிறுவனம் 1943இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹன்டிங்டன் தொடங்கியது; ராக் சக் என்ற மர்மாட் வகை விலங்கை வேட்டையாடக் குண்டு செய்யும் டைதான் அவருடைய முதல் சரக்கு. மூடிய வளைய வடிவில் வார்த்த இரும்புச் சட்டம், தடித்த தண்டு. லீ கிளாசிக் காஸ்ட் அதைவிட மலிவு. கட்டமைப்பில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ரெட்டிங் பிக் பாஸ் நடுவே நிற்கிறது. இந்த மூன்றில் எதை வாங்கினாலும் உங்கள் இலக்கு அட்டையில் வித்தியாசத்தைக் காட்ட முடியாது என்பது என் கணிப்பு. முன்பக்கம் திறந்திருக்கும் மெல்லிய அலுமினியச் சட்டங்களை மட்டும் ரைஃபிள் உறைக்குத் தவிர்த்துவிடுங்கள். அழுத்தத்தில் சட்டம் வாய் பிளக்கும். தோளின் அளவும் அதோடு அலையும்.

ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ் தனி இனம். இதில் டையை மரையில் திருகுவதில்லை; டையின் உயரத்தை நிலைநிறுத்தும் பூட்டு வளையத்தை முன்பக்கப் பள்ளத்தில் நுழைத்தால் போதும், நொடியில் மாற்றலாம். டையும் உறையும் சிறிது அசைந்து தாமே ஒரே கோட்டுக்கு வந்துகொள்ளும். ஒற்றைத் தண்டுக்குப் பதில் இரண்டு இணையான தண்டுகள். உறையின் அடியைத் தண்டின் தலையில் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டருக்குப் பதில் உறையின் விளிம்பைக் கவ்வும் தாடைகள். சுட்ட பிரைமர் நேராகக் குழாயில் விழுந்து கோப்பைக்குப் போகும்; மேசையில் கரி படிவதில்லை. ஆனால் லீ டைகளோடு வரும் ரப்பர் வளையம் வைத்த பூட்டு வளையம் அந்தப் பள்ளத்துக்கு ஒத்துவராது. வேறு வளையம் வாங்க வேண்டும். விலையும் மற்றவற்றைவிட நன்றாகவே அதிகம். பணம் உறுத்தாதவர்களுக்கு நல்ல பிரஸ். இதற்காகச் சைசிங் டையில் சிக்கனம் செய்வதாக இருந்தால் வேண்டாம்.

டரட் பிரஸ்களில் தலையைச் சுழற்றினால் அடுத்த டை வந்து நிற்கும். ரெட்டிங் டி-7 ஏழு டைகளைத் தாங்கும். டைகளை ஒருமுறை பூட்டிவிட்டால் தொடவே வேண்டாம் என்பது வசதி. டில்லன் போன்ற புரோகிரஸிவ் இயந்திரங்களில் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு தோட்டா முடிந்து விழும். 2012இல் தொடங்கிய பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ் போன்ற போட்டிகளுக்குத் தொடர்ந்து போகிறவர்களுக்கு அந்த வேகம் தேவைப்படலாம். மாதத்துக்கு நூறு தோட்டா சுடுகிறவருக்கு அது வீட்டில் இடத்தை அடைக்கும்.

ஆர்பர் பிரஸ் என்று உள்ளங்கை அகலத்தில் ஒன்றைப் பார்ப்பீர்கள். எல்.இ. வில்சன் செய்யும் மரையில்லாத டைகளோடு அதைப் பயன்படுத்துவார்கள். குண்டை உட்காரவைக்கும் வேலைக்கு அற்புதம். சுடுதளத்துக்கே எடுத்துப் போகலாம். முழு நீளமும் சுருக்கும் பலம் அதற்குக் கிடையாது. எனவே அது இரண்டாவது பிரஸ்தான்.

ஷெல் ஹோல்டர் வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 6.5 கிரீட்மூர், .308, .30-06 மூன்றுக்கும் அடிப்பகுதி ஒன்றுதான் என்பதால் ஒரே ஹோல்டர் போதும். ஆனால் அதே ஹோல்டருக்கு ஆர்சிபிஎஸ் 3 என்றும், லீ 2 என்றும், ஹார்னடி 1 என்றும் எண் போட்டிருக்கிறார்கள். ஏன் இப்படி என்று கேட்டுப் பயனில்லை.

பிரஸ் எதுவானாலும் அது நிற்கும் மேசை ஆடினால் எல்லாம் ஆடும். தடித்த பலகை, ஊடுருவும் போல்ட், முடிந்தால் சுவரோடு இணைப்பு.

ஆறாம் படி: டையைப் பூட்டுவது

டையோடு வரும் தாளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: டை ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை திருகு, பிறகு கால் சுற்று கூடத் திருகு. எந்தச் சேம்பரிலும் தோட்டா போக வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர் சொல்லும் வழி அது. உங்கள் சேம்பரைப் பற்றி அவருக்குத் தெரியாது. அப்படியே செய்தால் தோள் தேவைக்கு மேல் பின்னே போகும். அடுத்த முறை சுடும்போது உறை நீண்டு, அடிக்குச் சற்று மேலே சுவர் மெலியும். நாலைந்து சுற்றில் அங்கே ஒரு பளிச்சென்ற வளையம் தெரியும். அதற்கும் பிறகு உறை சேம்பருக்குள்ளேயே இரண்டாகப் பிரியும். இது துல்லியப் பிரச்சினை அல்ல, ஆபத்து.

மாற்று வழி நேரம் பிடிக்கும், ஒருமுறை செய்தால் போதும்.

உங்கள் ரைஃபிளில் இரண்டு மூன்று தடவை சுட்ட உறைகளில் ஐந்தை எடுங்கள். ஒரே தடவை சுட்ட உறை சேம்பரை முழுதாக நிரப்பியிருக்காது. முதலில் பிரைமரைத் தள்ளி எடுத்துவிடுங்கள். சற்றே துருத்திக்கொண்டிருக்கும் பிரைமர் காலிப்பரை ஏமாற்றும். கம்பேரட்டரைப் பொருத்தி ஐந்தையும் அளந்து எழுதுங்கள். அவற்றில் நீளமானதே உங்கள் குறிப்பு அளவு.

டையை ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை இறக்கி, அரைச் சுற்று மேலே எடுங்கள். உறையின் உடலில் விரல் நுனியால் மசகு மெழுகைத் தடவுங்கள். தோளில் தடவ வேண்டாம். அங்கே தேங்கும் மசகு பித்தளையில் பள்ளம் விழச் செய்யும். உறையை அழுத்தி எடுத்து, துடைத்து, அளங்கள். எண் குறைவதற்குப் பதில் 0.001 அல்லது 0.002 கூடியிருந்தால் பயப்பட வேண்டாம். உடல் இறுகியபோது தோள் முன்னே பிதுங்கியிருக்கிறது. டையின் தோள் இன்னும் அதைத் தொடவில்லை.

இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அங்குலத்துக்கு 14 மரை என்றால் ஒரு முழுச் சுற்று 0.071 அங்குலம். அதாவது பத்து பாகை திருப்பினால் டை 0.002 இறங்கும். டையின் மேல் பேனாவால் ஒரு கோடும் பிரஸ்ஸில் ஒரு கோடும் போட்டுக்கொண்டால் எவ்வளவு திருப்பினீர்கள் என்பது தெரியும். திருப்பு, மசகு, அழுத்து, துடை, அள. தோள் குறிப்பு அளவைவிட 0.002 பின்னே வந்ததும் நிறுத்துங்கள். போல்ட் ரைஃபிளுக்கு இது போதும். தானாக இயங்கும் ரைஃபிளுக்கு 0.003 அல்லது சற்று மேல். உறை டைக்குள் முழுதாக ஏறியிருக்கும் நிலையிலேயே பூட்டு வளையத்தை இறுக்குங்கள். அப்போதுதான் மரையின் தளர்வு ஒரு பக்கமாக ஒதுங்கி, டை நேராகப் பூட்டும்.

கைப்பிடி முழுதாக இறங்கியிருக்கும்போது டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவே எதிர்ப்பக்கம் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். உறை இல்லாதபோது தொட்டுக்கொண்டிருந்தவை, உறை உள்ளே இருக்கும்போது ஒரு மெல்லிய ஒளிக்கோட்டைக் காட்டக்கூடும். பிரஸ் அவ்வளவு வளைகிறது என்று பொருள். மசகு கூடினாலும் குறைந்தாலும் அந்த வளைவு மாறும், தோளும் மாறும். ஒரே அளவு மசகு என்பதில் நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

கடைசிச் சோதனை ரைஃபிளில். போல்ட்டிலிருந்து சுடும் ஊசியையும் உறையைத் தள்ளும் சுருளையும் கழற்றிவிட்டு, சுருக்கிய வெற்று உறையைச் சேம்பரில் வைத்து மூடுங்கள். போல்ட் கைப்பிடி தன் கனத்தாலேயே கீழே விழ வேண்டும். பாதியில் நின்றால் இன்னும் ஐந்து பாகை. இந்தச் சோதனையைப் பிரைமரும் மருந்தும் உள்ள தோட்டாவில் வீட்டுக்குள் ஒருபோதும் செய்யாதீர்கள்.

பல தடவை சுட்ட உறைகளை அவ்வப்போது உள்ளேயும் பாருங்கள். ஒரு பேப்பர் கிளிப்பை நேராக்கி, நுனியைச் செங்கோணத்தில் மடித்து, உறைக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுங்கள். நுனி எங்கேயாவது ஒரு பள்ளத்தில் தடுக்கினால் அந்த உறையை நசுக்கிக் குப்பையில் போடுங்கள், அதோடு சேர்த்துச் சுட்ட மற்ற உறைகளையும் சோதியுங்கள்.

பழையது வாங்கலாமா?

பிரஸ் என்றால் தாராளமாக வாங்கலாம். வார்ப்பிரும்புப் பிரஸ் தலைமுறை தாண்டி உழைக்கும். தண்டைப் பாதி ஏற்றி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பளிச்சென்று தெரியும் ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். சட்டத்தில் வண்ணத்துக்கு அடியில் விரிசல் ஓடுகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

டையில் கவனம் வேண்டும். உள்ளே டார்ச் அடித்தால் சுவர் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். துருப்புள்ளி ஒன்று இருந்தாலும் ஒவ்வோர் உறையிலும் அதன் கீறல் விழும். எக்ஸ்பாண்டர் தண்டு, ஊசி, பூட்டு வளையத்தின் திருகாணி எல்லாம் இருக்கின்றனவா என்று பெட்டியைத் திறந்து எண்ணுங்கள். தோட்டாவின் பெயர் டையின் தலையில் பொறிக்கப்பட்டிருக்கும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். வாங்கும்போது கையில் ஒரு சுட்ட உறையும் கொஞ்சம் மசகும் கொண்டுபோங்கள். விற்கிறவரின் பிரஸ்ஸிலேயே ஒருமுறை அழுத்திப் பார்த்து, வெளியே வந்த உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கோடு விழுந்திருந்தால் விலையைக் குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.